ஃபியர் முதலாம் பாகம்: கொஞ்ச நேரத்தில எஃப்பிஎஸ் 20க்கு விழுது, சூடா வேற ஏதுமா?

பாலையூற்று_பையன்:

அண்ணாமாருக்கு வணக்கம். 2005ல வந்த ஃபியர் எண்ட பேய்ச் சுடுகேமை ஸ்டீம் எண்ட இணையக் கடையில கழிவு விலைக்கு எடுத்தனான். ரெண்டு எக்ஸ்பான்ஷனும் சேர்ந்துதான் வந்தது. மெஷின் பழைய ஒபிஸ் டெஸ்க்டொப். ஐ5-3470, 8 ஜிபி ராம், ஜிடி 1030 ஜிடிடிஆர்5 கார்ட், விண்டோஸ் 10, 1080பி மொனிட்டர். மவுசும் கீபோர்டும் கலர் கலரா லைட் எரியிற கேமிங் செட்.

கேம் தொடங்கேக்க எஃப்பிஎஸ் (ஒரு விநாடிக்கு வாற படங்களின்ர எண்ணிக்கை) 100க்கு மேல ஓடுது. பத்துப் பதினைஞ்சு நிமிசத்தில படிப்படியா இறங்கி 20, 25ல வந்து நிக்குது. சேட்டிங் எல்லாத்தையும் லோவுக்குக் கொண்டுவந்தாலும் அதே கதைதான். ஆனா கேமுக்குள்ளயே இருக்கிற பெர்ஃபோமன்ஸ் டெஸ்டைப் போட்டால், எஃப்பிஎஸ் 40க்கு மேல நிண்ட நேரம் 100 வீதம் எண்டு வடிவாக் காட்டுது. கச்சான் காத்து அடிக்கிற காலம், அறைக்குள்ள வெக்கை சொல்லி வேலையில்ல. அதால கார்ட் சூடாகுதோ? கார்டை மாத்தச் சொல்லி கடையில சொல்லுறாங்கள்.

இன்னும் ரெண்டு கேள்வி. 1080பி போட்டால் ரவை எண்ணிக்கையும் எழுத்தும் வாசிக்கேலாத அளவுக்குச் சின்னனா இருக்கு, அதைப் பெருப்பிக்க ஏலுமா? மற்றது, எக்ஸ்ட்ரீம் எண்ட ஆகக் கஷ்டமான நிலையில, எதிரியா வாற ரெப்ளிக்கா சோல்ஜர்மார் எப்பிடியோ பின்னால வந்து சுடுறாங்கள். கதவுக்குப் பக்கத்தில பதுங்கி நிண்டால் குண்டெறிஞ்சு வெளிய எடுக்கிறாங்கள். கேமில வாற ஆவிப் பிள்ளை அல்மாவுக்குக்கூட இவ்வளவு பயமில்ல.


உவர்மலையான்:

தம்பி, கார்டை மாத்தாதீங்கோ. காசுதான் போகும், பிரச்சினை அப்பிடியே நிக்கும். நீங்கள் சொல்லுற அறிகுறி இந்தக் கேமின்ர பெயர்போன வருத்தம். காரணம் அந்த லைட் எரியிற மவுசும் கீபோர்டும்.

நடக்கிறது இதுதான். ஃபியர் மவுஸ், கீபோர்ட், ஜோய்ஸ்டிக் எல்லாத்தையும் டைரக்ட்இன்புட் எண்ட பழைய வழியில வாசிக்குது. ஓடிக்கொண்டிருக்கேக்கயே திரும்பத் திரும்ப எல்லா இன்புட் சாமானையும் தொடக்கத்திலிருந்து எண்ணிப் பதியும். 2005ல ஒரு மவுஸ் எண்டால் விண்டோசுக்கு ஒரு சாமான்தான். இப்பத்தைய கேமிங் மவுஸ் தன்னை நாலஞ்சு சாமானாக் காட்டும்: ஒண்டு மவுஸ், ஒண்டு கீபோர்ட், ஒண்டு வொலியூம் பட்டன், ஒண்டு லைட்டுக்கு. கீபோர்டும் அப்பிடியே. கேம் அவ்வளவையும் ஒவ்வொரு தரமும் புதுசாத் திறக்குது, பழசை ஒழுங்கா மூடுறதில்ல. நேரம் போகப் போகச் சுமை கூடி, புரொசசர் அந்த வேலையிலயே மாட்டுப்படுது. கிராபிக்ஸ் சேட்டிங்கைக் குறைச்சுப் பிரயோசனமில்லாமல் போனது அதாலதான். பெர்ஃபோமன்ஸ் டெஸ்ட் சின்ன நேரத்தில முடிஞ்சிடும். சுமை ஏற முதலே முடியிறதால அது எப்பவும் நல்ல முடிவுதான் காட்டும், அதை நம்பாதீங்கோ.

சூடா, இதா எண்டு பிரிச்சறிய லேசான வழி இருக்கு. எஃப்பிஎஸ் 25க்கு விழுந்தவுடன கேமை முழுசா மூடி, உடனயே திரும்பத் திறவுங்கோ. சூடு எண்டால் ஒரு நிமிசத்தில கார்ட் ஆறாது, எஃப்பிஎஸ் பதிஞ்சுதான் இருக்கும். திறந்தவுடன 100க்கு மேல நிண்டால் சூடில்ல, இந்த இன்புட் வருத்தம்தான்.

மருந்து ரெண்டு விதம்.

ஒண்டும் டவுன்லோட் செய்யாமல் செய்யிற வழி: டிவைஸ் மனேஜரைத் திறந்து ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் எண்ட பகுதியை விரியுங்கோ. அதில வென்டர் டிஃபைன்ட் எண்டும் கன்சியூமர் கொன்ட்ரோல் எண்டும் வாறதுகளை ஒவ்வொண்டா றைட் கிளிக் செய்து டிசேபிள் பண்ணுங்கோ. மவுஸ், கீபோர்ட் எண்டு நேராப் பேர் இருக்கிறதைத் தொட வேண்டாம். தொட்டால் மவுஸ் செத்திடும், பிறகு வேற மவுஸ் குத்தித்தான் திருப்பி எடுக்கவேணும். இதில குறை என்னெண்டால் வொலியூம் பட்டனும் லைட் சொப்ட்வெயாரும் வேலை செய்யாது, யூஎஸ்பி ஓட்டையை மாத்திக் குத்தினால் எல்லாம் திரும்ப வந்திடும்.

நல்ல வழி எக்கோபட்ச், இந்தக் கேமைத் திருத்திற ஒரு சின்னப் பட்ச். இலவசம், கிட்ஹப்ல இருக்கு. ஸிப்புக்குள்ள டிஇன்புட்8 எண்ட பேரில ஒரு டிஎல்எல் பைலும், எக்கோபட்ச் எண்ட பேரில ஒரு ஐஎன்ஐ பைலும் இருக்கும். ஸிப்பை விரிக்க முதல் அதில றைட் கிளிக், புரொப்பர்ட்டீஸ், கீழ அன்புளொக் எண்ட பெட்டி இருந்தால் டிக் பண்ணுங்கோ. இதை விட்டால் சில வேளை விண்டோஸ் டிஎல்எல்லை ஏத்தாமல் பேசாமல் விட்டுடும். பிறகு ஃபியர் எக்ஸ்இ பைல் எந்த போல்டரில இருக்கோ, அதுக்குப் பக்கத்திலயே ரெண்டையும் போடுங்கோ. எக்ஸ்பான்ஷன்களுக்குத் தனித்தனி எக்ஸ்இ. ஓடுற எக்ஸ்இக்குப் பக்கத்தில டிஎல்எல் இருந்தால்தான் பிடிக்கும்.

இதில பிழைக்கிற இடம் ஒண்டு: பழைய வலைப்பக்கங்கள்ல டைரக்ட்இன்புட் எஃப்பிஎஸ் ஃபிக்ஸ் எண்டு இன்னொரு பட்ச் இருக்கும். அதின்ர டிஎல்எல்லுக்கும் இதே பேர்தான். ரெண்டும் ஒரே போல்டரில இருக்கேலாது, பின்னால போட்டது முன்னையதை அழிச்சிடும். எக்கோபட்ச் போட்டால் மற்றது தேவையில்ல. அன்டிவைரஸ் டிஎல்எல்லைத் தூக்கி குவாரன்டீனில போடுறதும் உண்டு. போட்ட பிறகும் மாற்றமில்லை எண்டால் முதல்ல பைல் அங்க இருக்கோ எண்டு பாருங்கோ.

எழுத்துச் சின்னனுக்கும் இதுக்குள்ளயே மருந்து இருக்கு. ஐஎன்ஐ பைலை நோட்பாட்டில திறந்தால் எச்யூடி ஸ்கேலிங் (திரையில வாற எழுத்து, இலக்கத்தின்ர அளவு) எண்ட வரி வரும், அது 1 எண்டு இருந்தால் போதும். ரெசல்யூஷன் லிஸ்டில 1920க்கு 1080 காட்டாட்டி பப்ளிக் டொக்யூமெண்ட்ஸ், அதுக்குள்ள மொனோலித் புரொடக்ஷன்ஸ், அதுக்குள்ள ஃபியர் எண்ட போல்டருக்குப் போங்கோ. செட்டிங்ஸ் சிஎஃப்ஜி பைலில ஸ்கிரீன்வித், ஸ்கிரீன்ஹைட் எண்ட ரெண்டு வரியிலயும் இலக்கத்தை மாத்தினால் சரி. உங்கட சொந்த டொக்யூமெண்ட்ஸில தேடாதீங்கோ, அங்க ஒண்டும் இருக்காது. சேவ் பைலும் அதே பப்ளிக் போல்டரிலதான். கரண்ட் நிண்டு வாற நாளையில சேவ் போல்டரை ஒரு பென்டிரைவில கொப்பி பண்ணி வைக்கிறது புத்தி.


கிண்ணியா_ஜூபிட்டர்:

உவர்மலை அண்ணன் சொன்னது சரி, இன்புட் வருத்தந்தான். அதுக்காக சூட்டை அப்படியே விட்டுடாதீங்க தம்பி. கடக்கரை ஊர், உப்புக் காத்து. ஹீட்சிங்க் தகட்டுக்கு நடுவுல தூசி உப்போட சேர்ந்து களி மாதிரிப் பிடிச்சிரும், ஊதினாப் போகாது. கழட்டி, காஞ்ச பிரஷ்ஷால தேய்க்கணும். சூட்டை அளந்து காட்டுற எச்டபிள்யூஇன்ஃபோ எண்ட சொப்ட்வெயாரை பின்னால ஓட விட்டு அரை மணித்தியாலம் விளையாடிட்டுப் பாருங்க. அந்தப் புரொசசர் 80 பாகைக்குள்ள நின்டாப் பிரச்சினையில்ல. 95, 100 காட்டுதுன்டா தேர்மல் பேஸ்ட் காஞ்சு போச்சு. கூலரைக் கழட்டி, பழசை ஐசோபுரொப்பைல் அல்ககோலால துடைச்சு, ஒரு பட்டாணி அளவு நடுவுல வச்சு மூடுங்க. கூட வச்சா நல்லம்னு வழிய வழியப் பூச வேணாம்.

சேட்டிங் விசயத்துல நான் சொல்றது இது. சொப்ட் ஷடோவை முதல்ல ஓஃப் பண்ணுங்க. இந்த எஞ்சின், லித்டெக் ஜூப்பிட்டர் இஎக்ஸ், ஒவ்வொரு லைட்டுக்கும் தனித்தனியா காட்சியைத் திருப்பி வரையிற எஞ்சின். நிழலும் ஸ்டென்சில் முறையில உருவத்தோட ஓரத்தை இழுத்து நீட்டிக் கணக்குப் பார்க்கிறது. சொப்ட் ஷடோ போட்டா அதே நிழலைக் கொஞ்சம் கொஞ்சம் தள்ளிப் பல தரம் வரையும். விலை பயங்கரம், லாபம் ஓரத்துல ஒரு மங்கல். அதோட ஓரத்துப் பல்லை மழுப்புற ஆன்டி அலியாசிங்கும் (சேட்டிங்ல எஃப்எஸ்ஏஏ) அதுவும் ஒத்துப்போகாது, ரெண்டுல ஒன்டுதான். ஜிடி 1030க்கு சொப்ட் ஷடோ ஓஃப், எஃப்எஸ்ஏஏ 2 அல்லது 4, ஷடோ டீட்டெயில் மீடியம், மிச்சம் எல்லாம் மக்ஸ். டெக்ஸ்ச்சர் ஃபில்டரிங் அனிசோட்ரொப்பிக் 16 வச்சாலும் இந்தக் கார்டுக்கு அது பாரமில்ல. நிழலை முழுசா ஓஃப் பண்ணாதீங்க. இந்தக் கேம்ல பாதிப் பயம் சுவர்ல வாற நிழல்தான். அதை எடுத்துட்டு விளையாடுறதுக்கு விளையாடாமலே இருக்கலாம்.

எஃப்பிஎஸ்ஸை 60ல கட்டி வைக்கிறதும் முக்கியம். மேல போனா பிசிக்ஸ் குழம்பும், விழுந்த உடம்பும் சாமானும் நடுங்கித் துள்ளும்.

அடுத்தது சத்தம். கேம் ஈஏஎக்ஸ் எண்ட பழைய முப்பரிமாணச் சத்தத்துக்குச் செய்தது. விண்டோஸ் விஸ்டாவோட அது செத்துப் போச்சு. இப்ப சும்மா ஓட விட்டா வெறும் ஸ்டீரியோதான் கிடைக்கும், பின்னால ஒருத்தன் வாறான்டு காதுக்குத் தெரியாது. டிஎஸ்ஓஏஎல் எண்ட இலவச டிஎல்எல் தொகுதி இருக்கு. அதையும் எக்ஸ்இக்குப் பக்கத்துல போட்டு, கேம் ஓடியோ சேட்டிங்ல ஹார்ட்வெயார் மிக்சிங், ஈஏஎக்ஸ் ரெண்டையும் ஓன் பண்ணுங்க. அந்த டிஎல்எல் பேர் டிசவுண்ட், எக்கோபட்ச்சோட மோதாது. ஹெட்போன் பாவிக்கிறதுன்டா ஓப்பன்ஏஎல் சொப்ட் அமைப்புல எச்ஆர்டிஎஃப் (ஹெட்போன்ல சத்தம் வாற திசையைக் காட்டுற முறை) ஓன். எக்ஸ்ட்ரீம்ல நீங்க சாகிறதுக்குப் பாதிக் காரணம் இதுவாத்தான் இருக்கும்.

யூபிஎஸ் இல்லாட்டி ஒன்டு எடுங்க. 650 விஏ போதும். அது வழமையா 360 வாட் அளவு தாங்கும், இந்த மெஷினும் மொனிட்டரும் சேர்ந்து அதுல பாதி வராது. அதுல லேசர் பிரின்டரை மட்டும் குத்தாதீங்க.


உவர்மலையான்:

நானா, 60ல கட்டுறது எக்கோபட்ச் போடாத ஆக்களுக்குச் சரி. அது போட்டால் கூடின எஃப்பிஎஸ்ஸில வாற பிசிக்ஸ் குழப்பத்தையும் அதுவே பார்க்கும். 75 ஹேர்ட்ஸ் மொனிட்டர் எண்டால் 75லயே விடலாம், ஐஎன்ஐயில மக்ஸ் எஃப்பிஎஸ் எண்ட இடத்தில போட்டால் சரி. தம்பியின்ர மொனிட்டர் 60 எண்டால் கதையே இல்லை.

லினக்ஸில புரோட்டோன் மூலம் ஓட்டுற ஆக்கள் இருந்தால் ஒரு குறிப்பு: புரோட்டோனுக்குள்ள இருக்கிற வைன் தன்ர சொந்த டிஇன்புட்8ஐத்தான் முதல்ல எடுக்கும். லோஞ்ச் ஒப்ஷனில ஓவர்ரைட் குடுத்து நேட்டிவ் முதல், பில்ட்இன் பிறகு எண்டு சொல்லாட்டி பட்ச் பேசாமல் கிடக்கும்.


நிலாவெளி_நைட்மோட்:

பின்னால வாற விசயத்துக்கு நான் வாறன். இதை விளங்கினால் எக்ஸ்ட்ரீம் பாதி லேசு.

சோல்ஜர்மாரை ஓட்டுற இந்த ஏஐயைச் செய்தவர் ஜெஃப் ஓர்கின், கேமைச் செய்த மொனோலித் கொம்பனியில இருந்தவர். 2006ல கேம் டெவலப்பர்ஸ் கொன்ஃபரன்சில இதை முழுசா விளங்கப்படுத்தியிருக்கிறார். சோல்ஜருக்கு இப்பிடி வந்தால் இப்பிடிச் செய் எண்டு எழுதிக் குடுக்கேல்ல. இலக்குகளும், செய்யக்கூடிய வேலைகளும், ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விலையும் குடுத்திருக்கு. இலக்குக்குக் குறைஞ்ச விலையில போற வழியை அவனே தேடுவான். வரைபடத்தில பாதை தேடுற ஏ ஸ்டார் முறையை வேலைகளுக்கு நடுவில தேடப் பாவிச்சிருக்கிறாங்கள். அடியில பாத்தால் நிலைகள் மூண்டே மூண்டுதான்: ஓரிடத்துக்குப் போ, ஒரு அனிமேஷனைச் செய், ஒரு பொருளைப் பாவி. மேசையைப் புரட்டுறதும் ஜன்னலால பாயிறதும் மூண்டாவதுக்குள்ள வரும்.

இப்ப முக்கியமான இடம். உங்களைச் சுத்தி வளைக்கிற கட்டளை எண்டு ஒண்டு அந்தக் கூட்டத்துக்கு இல்லை. ஒருத்தன் பதுங்கிற இடம் உங்கட கண்ணுக்குத் தெரிஞ்சால் அந்த இடம் செல்லாது. உடன பக்கத்தில இருக்கிற, உங்களுக்குத் தெரியாத இன்னொரு இடத்துக்கு ஓடுவான். அந்த இடம் உங்கட பக்கவாட்டில இருந்தால் உங்களுக்கு வளைச்ச மாதிரித் தெரியுது. அறைகள் எல்லாம் வளையமாக் கட்டியிருக்கிறதால இது அடிக்கடி நடக்கும். இதுக்கு நீங்கள் செய்யவேண்டியது, சண்டை தொடங்க முதல் அந்த அறைக்கு எத்தனை வாசல், எது எங்க போய்ச் சேருது எண்டு பார்க்கிறது. நீங்கள் நிக்கப் போற பக்கத்துக்கு வாற ரெண்டாவது வழியில ஆள் கிட்ட வந்தால் வெடிக்கிற புரொக்சிமிட்டி குண்டு ஒண்டை வையுங்கோ. பிறகு முன்பக்கத்தால சுட்டால், இடம் பறிபோனவன் ஓடி வாற வழியிலயே குண்டு இருக்கும்.

ஒரே இடத்தில நிண்டால் குண்டெறிவாங்கள், அது தப்பில்லாமல் நடக்கும். ரெண்டு பேரை விழுத்தினவுடன இடம் மாறுங்கோ. நீங்கள் மாறினது தெரியாமல் பழைய இடத்தைச் சுட்டுக்கொண்டிருப்பாங்கள், அப்ப அவங்களின்ர பக்கவாட்டு உங்களுக்கு.

அவங்கள் ரேடியோவில கதைக்கிறதைக் கேளுங்கோ, சும்மா சோடனை இல்லை. போக இடமில்லை எண்டு ஒருத்தன் கத்தினால் உண்மையிலயே அவனுக்குப் பதுங்க வேற இடம் கிடைக்கேல்ல, அடிக்கிற நேரம் அதுதான். டோர்ச் வெளிச்சத்தையும் கண்டுபிடிச்சுச் சொல்லுவாங்கள். கதவு திறக்க முதல் டோர்ச்சை நூருங்கோ. ஆனா உதவிக்கு ஆள் அனுப்பு எண்டு கேக்கிறது மட்டும் வெறும் பேச்சு. அப்பிடி ஆள் கூட்டி வாற ஏற்பாடே எழுதேல்ல எண்டு ஓர்கினே சொல்லியிருக்கிறார். அடுத்த அறையில இருக்கிறவனை நாங்களாப் போய்ச் சந்திச்சிட்டு, வந்திட்டாங்கள் எண்டு நினைக்கிறம்.

நேரத்தை மெதுவாக்கிற ஸ்லோமோவை முழுசா வடிய விடாதீங்கோ. அழுத்தி, தலையைப் பாத்து ரெண்டு வெடி, விடுங்கோ. திரும்ப நிரம்பிறதுக்கு நேரம் எடுக்கும், வெறுமையா இருக்கேக்க அசாசின் வந்தால் முடிஞ்சுது. அவங்கள் உருவம் மறைச்சுக்கொண்டு கையால அடிக்கிற வகை. ஸ்லோமோவிலதான் கண்ணாடி நெளியிற மாதிரி ஒரு அசைவு பிடிபடும். ரிஃப்ளெக்ஸ் பூஸ்டர் ஸ்லோமோ அளவையும் ஹெல்த் பூஸ்டர் உயிர் அளவையும் நிரந்தரமாக் கூட்டும், அதால மூலை முடுக்கு, வென்டிலேஷன் குழாய், பூட்டின மாதிரி இருக்கிற சின்ன அறை எல்லாம் பாத்துப் போறது நட்டமில்லை. மெட்கிட் 10க்கு மேல எடுக்கேலாது. 10 இருக்கேக்க நிலத்தில ஒண்டைக் கண்டால், காயம் கொஞ்சமா இருந்தாலும் கையில இருக்கிறதில ஒண்டைப் போட்டிட்டு அதை எடுங்கோ.

ஆயுதம் மூண்டுதான் கொண்டு போகலாம். விகே-12 ஷொட்கன் கடைசி வரைக்கும் கையில இருக்கட்டும், கிட்டத்தில ஸ்லோமோவோட அதுக்கு மாற்று இல்லை. ரெண்டாவது பெனெட்ரேட்டர், ஹெவி ஆர்மர் போட்டு வாறவனுக்கு அதுதான் இறங்கும். அதின்ர ரவை சுவரில ஆளை அப்பிடியே தைச்சு வைக்கும், பாத்தால் தெரியும். மூண்டாவது இடத்தை மாத்தி மாத்தி வையுங்கோ, டைப்-7 துப்பாக்கி கிடைச்சால் அதை ரோபோவுக்கு மிச்சம் பிடியுங்கோ. ரவையே இல்லாட்டி ஆயுதத்தை உள்ளுக்க வைச்சிட்டு ஓடுங்கோ, வேகம் கூடும். ஓடி வந்து குனிஞ்சு அடிக்கிற ஸ்லைட் கிக் ஒரே அடியில சாதாரண சோல்ஜரை முடிக்கும்.

கடைசிப் பகுதியில நிலத்தால எழும்பி வாற ஆவிகளுக்கு பெரிய ஆயுதம் தேவையில்லை, ரவை பட்டவுடன போயிடும். கூட்டமா வரேக்க பின்னால பின்னால நடந்துகொண்டு வேகமாச் சுடுற ஆயுதத்தைப் பாவியுங்கோ. ரேடியோ கரகரக்கத் தொடங்கி டோர்ச் விட்டு விட்டு எரிஞ்சால் ஆவிப் பக்கம் எண்டு அர்த்தம், அந்த இடத்தில சோல்ஜருக்கு பயந்து பதுங்கி நேரத்தை வீணாக்க வேண்டாம். ஏணியால இறங்கேக்க என்ன நடக்கும் எண்டு மட்டும் நான் சொல்ல மாட்டன்.


பாலையூற்று_பையன்:

எக்கோபட்ச் போட்டாச்சு. ரெண்டு மணித்தியாலம் ஓடியும் 60ல இருந்து அசையேல்ல. எழுத்தும் பெருசாயிட்டுது. எல்லாருக்கும் நன்றி.

இன்னொண்டு. இந்தக் கேமுக்கு மப் (விளையாடுற இடம்) செய்யிற கருவி இலவசமா வந்தது எண்டு கேள்விப்பட்டன். திருகோணமலைச் சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளை வைச்சு ஒரு மப் செய்தால் எப்பிடி? காட்டுக்குள்ள துருப்பிடிச்ச தாங்கி, உள்ளுக்க இருட்டு. கேமுக்கெண்டே செய்த மாதிரி இருக்கு.


நிலாவெளி_நைட்மோட்:

பப்ளிக் டூல்ஸ் எண்ட பேரில மொனோலித் விட்டது, அதுக்குள்ள வேர்ல்ட்எடிட் இருக்கு. மொனோலித்தை 2025ல மூடிட்டாங்கள், ஆனா கருவி மொட் தளங்கள்ல இன்னும் கிடைக்கும்.

இடம் நல்ல தெரிவு. 99 தாங்கி, ஒவ்வொண்டும் 12,000 கிலோலீற்றர். 1942 ஏப்ரல் 9ல ஜப்பான் விமானங்கள் வந்து அடிச்ச கதையும் கேமுக்கு உதவும். ஆனா உள்ளுக்க போய்ப் படம் எடுக்கிறதுக்கு அனுமதி வேணும். வெளிய வந்த படங்கள் போதும், அதை வைச்சுச் செய்யுங்கோ.

அளவைக் கணக்குப் பாருங்கோ. உயரம் 10 மீற்றர் எண்டு எடுத்தால் 12,000 கிலோலீற்றருக்கு விட்டம் 39 மீற்றர் அளவில வரும். அப்பிடியே கட்டினால் சண்டை நாறும். வெறும் வட்டம், நடுவில ஒண்டுமில்லை, வாசல் ஒண்டு. சோல்ஜர்மாருக்குப் பதுங்க இடம் மப் செய்யிறவர் வைக்கிற கவர் நோட் (இங்க பதுங்கலாம் எண்டு காட்டுற குறி) மட்டும்தான். அவையே இல்லாத இடத்தில கெட்டித்தனம் எல்லாம் போய், வாசலால வரிசையா வந்து சாவாங்கள்.

அதால ஆகக் குறைஞ்சது ரெண்டு வழி திறவுங்கோ. ஒரு பக்கம் மனிதன் புகுற மூடி, எதிர்ப்பக்கம் துரு தின்ன ஓட்டை. மேல சுவரோட சேர்த்து ஒரு இரும்பு நடைபாதை, அதுக்கு ஒரு ஏணி. நடுவில விழுந்த கூரைத் தகடும் தூணும், ஒவ்வொண்டின்ர ரெண்டு பக்கமும் கவர் நோட். ஒரு பக்கம் மட்டும் வைச்சால், நீங்கள் சுத்திப் போனவுடன அவனுக்குப் போக இடமில்லாமல் நடுவெளியில நிண்டு சுடுவான். வெளியில தாங்கிக்கும் தாங்கிக்கும் இடையில மதிலும் குழாயும் வைச்சு ஒடுக்கமாக்குங்கோ. இந்த எஞ்சின் அறைக்கும் ஒழுங்கைக்கும் செய்தது, பரந்த வெளிக்கு இல்லை. மரங்களை எல்லாம் ஒண்டொண்டா நட்டால் நானாவின்ர மெஷினும் அழும்.


கிண்ணியா_ஜூபிட்டர்:

அழத்தான் செய்யும். வட்டச் சுவரை 24 பக்கத்தோட நிப்பாட்டுங்க. 64 பக்கம் போட்டா வடிவா இருக்கும், ஆனா ஒவ்வொரு ஓரத்துக்கும் நிழல் கணக்கு ஓடும். ஒரு இடத்துல ரெண்டு, மிஞ்சிப் போனா மூணு லைட்டுக்கு மேல ஒன்டுக்கு மேல ஒன்டு விழ விடாதீங்க. ஓட்டையால வாற ஒரு வெளிச்சம், ஆடுற ஒரு பல்பு, ஆள்ட டோர்ச். அது போதும், நிழல் தானா சுவர்ல ஓடும்.

ஈஏஎக்ஸ்ல ஹாங்கர் எண்ட எதிரொலி அமைப்பு இருக்கு, 10 விநாடிக்குச் சத்தம் நின்டு அடங்கும். இரும்புத் தாங்கிக்கு அச்சாப் பொருத்தம். ஆனா சண்டை நடக்கிற தாங்கிக்கு அதை வைக்காதீங்க, சோல்ஜர் கதைக்கிறது ஒன்டும் விளங்காது, எங்க நிக்கிறான்டும் பிடிபடாது. ஆவி வாற தாங்கிக்கு ஹாங்கரை வைங்க. சண்டைத் தாங்கிக்கு சூவர் பைப் அமைப்பு, அது மூணு விநாடிக்குள்ள அடங்கிரும். மப்போட முதல் பதிப்பு வந்தா இங்கயே லிங்க் போடுங்க, ஜிடி 1030ல மட்டுமில்ல, ஓன்போர்ட் கிராபிக்ஸ்லயும் ஓட்டிப் பாத்துச் சொல்றேன்.